'டார்லிங்' பிறந்த கதை

தலைப்பைப் பார்த்துவிட்டு, "நம்ம ஆண்டு மலர்ல இதெல்லாமா?" என்று முகம் சுளிக்க வேண்டாம். இது காதல் கட்டுரை அல்ல, சொல்லாராய்ச்சி. சினிமா ஹீரோ வாயில் வருகிற இந்தச் சொல்லுக்கு ஆயிரம் வயதுக்கு மேல் ஆகிறது.

பழைய ஆங்கிலத்தில் இது 'டேயோர்லிங்'. முதல் பாதி, லீவ் லெட்டரில் 'டியர் சார்' என்று எழுதுகிறோமே, அதே டியர்தான். விலை உயர்ந்த பொருளையும் ஆங்கிலேயர் 'டியர்' என்பார்கள். எளிதில் கிடைக்காதது, அதனால் பிரியமானது. நம்ம 'அருமை'யும் இதே வழியில் வந்ததுதானே! (மானைக் குறிக்கும் 'டீர்' வேறு சொல். குழப்பிக்காதீங்க.)

'லிங்' என்பது விகுதி. வாத்துக்குஞ்சு 'டக்லிங்', நாற்று 'சீட்லிங்'. செல்லத்தோடு நாம் 'குட்டி' சேர்க்கிற மாதிரி. ஆனால் எடுபிடியைக் குறிக்கும் 'அண்டர்லிங்'கிலும் இதே லிங்தான்!

அப்போது இது காதலர் சொல்லாக மட்டும் இருக்கவில்லை. கி.பி. 990களில் எழுதிய ஆல்ஃப்ரிக் என்ற இங்கிலாந்துத் துறவி, புனித யோவானைக் கிறிஸ்துவின் டார்லிங் என்றே குறிப்பிடுகிறார்.

சரி, 'டியர்' எப்படி 'டார்' ஆனது? இங்கேதான் நமக்கு வேண்டிய விஷயம் இருக்கிறது. மத்திய காலத்தின் கடைசியில் பல சொற்களில் 'எர்' என்ற ஒலி 'ஆர்' என்று திரும்பிவிட்டது. 'ஸ்டெர்' ஸ்டார் ஆனது, 'டெர்க்' டார்க் ஆனது. இவற்றில் எழுத்தும் கூடவே மாறியது. சிலவற்றில் எழுத்து அப்படியே நின்றுவிட்டது. அதனால்தான் பிரிட்டிஷ்காரர் 'கிளெர்க்' என்று எழுதிவிட்டு 'கிளார்க்' என்கிறார். சார்ஜென்ட்டும் அப்படியே. யூனிவர்சிட்டியின் வால் 'வார்சிட்டி' ஆனதும் இந்தப் பழக்கத்தால்தான். அமெரிக்காக்காரரோ எழுத்தைப் பார்த்து 'கிளர்க்' என்றே சொல்கிறார். அவரை யாரும் கேலி செய்வதில்லை. தமிழ் மீடியத்திலிருந்து வந்த நம்மில் எத்தனை பேர், உச்சரிப்புக்குப் பயந்தே வைவாவில் தெரிந்த பதிலையும் விழுங்கிவிடுகிறோம்! எழுத்து ஒரு பக்கம், ஒலி ஒரு பக்கம் போனது ஆங்கிலத்தின் சொந்தக் குடும்பத் தகராறு. அதற்கு நாம் ஏன் கூனிக் குறுகணும்?

டார்லிங் குடும்பப் பெயராகவும் உண்டு. 2007 முதல் 2010 வரை பிரிட்டனின் நிதியமைச்சர் அலிஸ்டர் டார்லிங். வரி போடுகிற மந்திரியை நாடே 'டார்லிங்' என்று கூப்பிட்டது!