மாமா பஸ் ஓடுகிறார்

அன்புள்ள மருமகளுக்கு,

வந்தாறுமூலையில் ஆங்கில வகுப்பு தொடங்கிய கையோடு நீ எழுதி அனுப்பிய பந்தியை மாமா வாசித்தார். எழுத்துப் பிழை இல்லை, காலமும் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் சின்ன மாமா கல்முனை பஸ்ஸை 'ரன்' பண்ணுகிறார் என்று எழுதியிருக்கிறாயே, அதை வாசிக்கும் ஆங்கிலேயர் அவரைப் பஸ் முதலாளி என்றுதான் எடுத்துக்கொள்வார். சின்ன மாமாவுக்கு அதில் ஒரு மனக்குறையும் வராது. ஆனால் அவர் சாரதி அல்லவா?

பிழை எங்கிருந்து வந்தது என்பது தெரிந்த கதைதான். நம் பக்கத்தில் பஸ்ஸும் ஓடும், சாரதியும் பஸ் ஓடுவார், பிள்ளைகளும் சைக்கிள் ஓடப் பழகுவார்கள். தமிழ்நாட்டில் பஸ் ஓடும், சாரதி அதை ஓட்டுவார். ஓடு, ஓட்டு என்று தன்வினைக்கும் பிறவினைக்கும் தமிழ் வைத்திருக்கிற வேறுபாட்டை இலங்கைப் பேச்சு இந்த இடத்தில் விட்டுவிட்டது. ஆங்கிலத்து 'ரன்'னும் அப்படித்தான்: பஸ்ஸும் 'ரன்' ஆகும், பஸ்ஸை ஒருவர் 'ரன்' பண்ணவும் செய்வார். இதுவரை இரண்டும் ஒரே பாதையில் போவதால்தான் ஆபத்து. ஏனென்றால் ஆங்கிலத்தில் சுக்கானைப் பிடிப்பதற்கு 'டிரைவ்' என்று தனிச்சொல் உண்டு. பஸ்ஸை 'ரன்' பண்ணுபவர் நேர அட்டவணை போட்டு, டீசல் அடித்து, சம்பளம் கொடுத்து, இலாபமோ நட்டமோ பார்ப்பவர்.

இந்தச் சின்னச் சொல்லுக்கு எத்தனை பொருள் என்று கேட்டிருந்தாய். ஒக்ஸ்போர்ட் பேரகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் 'செட்' என்ற வினைதான் 430 பொருளோடு முன்னுக்கு நின்றது. பிறகு அகராதியைத் திருத்தத் தொடங்கியபோது 'ரன்' அதை முந்திவிட்டது. வினையாக மட்டும் 645 பொருள் என்று 2011இல் செய்தி வந்தது. அதைப் பிரித்து அடுக்க பீட்டர் கிலிவர் என்ற அகராதிக்காரருக்கு ஒன்பது மாதம் பிடித்தது. இயந்திரங்கள் பெருகப் பெருக அந்தச் சொல்லும் பெருத்தது. எஞ்சின், தொழிற்சாலை, கடைசியில் கொம்பியூட்டர் என்று புதிதாக இயங்க வந்த ஒவ்வொன்றும் பழைய 'ரன்'னிலேயே ஏறிக்கொண்டது.

645ஐயும் பாடமாக்க நினைக்காதே. அந்த அகராதிக்காரரும் அப்படிச் செய்திருக்கமாட்டார்.

பொருள்கள் எண்ணிக்கையில் பல என்றாலும் வேர் சிலதான். முதலாவது, காலால் ஓடுவது. அடுத்தது, நீர் ஓடுவது. மாரி வெள்ளத்தில் வாவி நிரம்பி முகத்துவாரத்தில் ஆற்றுவாயை வெட்டிவிட்டால் தண்ணீர் கடலுக்கு ஓடுமே, அதுவும் 'ரன்'. தடிமன் பிடித்து மூக்கால் ஓடுவதும் அதுவேதான். மூன்றாவது, நிற்காமல் இயங்குவது: மணிக்கூடு, எஞ்சின், தியேட்டரில் நூறு நாள் ஓடும் படம். இவ்வளவுக்கும் தமிழில் 'ஓடு' கூடவே வரும். நான்காவது, நிற்காமல் இயங்கவைப்பது. கடை, பள்ளிக்கூடம், ரியூசன் வகுப்பு எல்லாம் அதில் அடங்கும். இங்கே தமிழ் 'ஓடு'வை விட்டு 'நடத்து'வுக்குப் போய்விடுகிறது. ஐந்தாவது, நீண்டு கிடப்பது. வாவியோரமாகப் போகிற பாதை ஆங்கிலத்தில் 'ரன்' ஆகும். நமக்குப் பாதை ஓடாது, போகும். பிழைகள் விளைவது இந்தக் கடைசி இரண்டிலும்தான். முதல் மூன்றிலும் உன் தமிழே உனக்குத் துணை.

தேர்தல் விசயம் தனிக் கூத்து. அமெரிக்காவில் வேட்பாளர் ஓடுவார், இங்கிலாந்தில் நிற்பார். நம் ஊரில் அவர் 'எலெக்சன் கேட்பார்'. மூன்றிலும் நம்முடையதுதான் உண்மைக்குக் கிட்ட நிற்கிறது என்பது மாமாவின் எண்ணம்.

கிரிக்கெட்டிலோ 'ரன்' என்பது பெயர்ச்சொல். நம் பத்திரிகைகள் அதை 'ஓட்டம்' என்று எழுதுகின்றன. 1997இல் கொழும்பில் இந்தியாவுக்கு எதிராக இலங்கை 6 விக்கெட்டுக்கு 952 ஓட்டங்கள் குவித்தது. பந்து எல்லைக்கோட்டைத் தாண்டினால் யாரும் ஓடாமலே நாலு ஓட்டம் என்பதால், அந்த 952இல் ஒரு பெரும் பங்கை ஓடி எடுத்திருக்கமாட்டார்கள். ஆட்டக்காரர் 'ரன் அவுட்' ஆவது உனக்குத் தெரியும். 2022இல் எரிபொருள் நிலையங்களுக்கு முன்னால் நாடே வரிசையில் நின்றபோது ஆங்கிலப் பத்திரிகைகள் எழுதிய 'ரன் அவுட்' வேறு: கையிருப்பு தீர்ந்துபோவது. சொல் ஒன்று, துணை ஒன்று, பொருள் இரண்டு. 'ரன் இன்டு' என்றால் எதிர்பாராமல் ஒருவரைச் சந்திப்பதும் ஆகும், மதிலில் போய் மோதுவதும் ஆகும். 'ரன் டவுன்' என்றால் வாகனத்தால் அடித்து வீழ்த்துவதும் ஆகும், ஒருவரை மட்டந்தட்டிக் கதைப்பதும் ஆகும்.

இந்தச் சின்ன வினைகள் ஏன் இப்படி வழுக்குகின்றன என்று விளங்க, காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகளைப் பற்றி ஒரு வார்த்தை. மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் ஆங்கிலத்தில் படித்தவர், லண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டதாரி, 'பிரபுத்த பாரத' என்ற ஆங்கில மாத இதழுக்கே ஆசிரியராக இருந்தவர். 1930களில் சென்னையில் அறிவியற் கலைச்சொற்களைத் தமிழாக்கும் முயற்சியில் முன்னின்றதும் அவர்தான். இரசாயனத்திலும் தாவரவியலிலும் வரும் பெயர் ஒவ்வொன்றுக்கும் அறிஞர்கள் கூடியிருந்து ஒரு தமிழ்ப்பெயர் கொடுத்துவிடலாம். 'ரன்', 'கெட்', 'புட்', 'டேக்' போன்றவற்றுக்கு எந்தக் குழு கூடினாலும் அது முடியாது. பல்கலைக்கழகம் வரை வரும் பிள்ளைகள் நீண்ட சொற்களில் தேர்ந்துவிட்டு, மூன்று, நான்கு எழுத்து வினைகளில் தடுமாறுவதற்கும் காரணம் இதுவே. நீண்ட சொல்லுக்குப் பெரும்பாலும் ஒரே வேலை. குட்டி வினைக்கோ கூட வரும் ஆளைப் பார்த்து வேலை மாறும்.

அதனால், மகள், ஒரு கொப்பி எடு. 'ரன்' என்று தலைப்புப் போட்டு அதன்கீழே தமிழ்ப் பொருளை அடுக்காதே, முழு வசனமாக எழுது. அந்த வசனமும் உன் வீட்டையோ ஊரையோ பற்றியதாக இருக்கட்டும். உதயதேவி ரயில் பிந்தி ஓடுவதை எழுது. அம்மாவின் கடையில் மா தீர்ந்ததை எழுது. பேரகராதி உனக்கு இப்போது வேண்டாம். ஹோர்ன்பியின் மாணவர் அகராதி போதும். அவர் ஜப்பானில் ஆங்கிலம் படிப்பித்த மனிதர். அங்கே 1942இல் வெளிவந்த அந்த நூல் 1948இல் ஒக்ஸ்போர்ட் வெளியீடாயிற்று. ஆங்கிலம் தாய்மொழியல்லாத பிள்ளை எந்த இடத்தில் தடுக்கி விழும் என்று வகுப்பிலேயே கண்டவர் என்பதால், ஒவ்வொரு வினைக்கும் அது எந்த அமைப்பில் வரும் என்பதையும் குறித்துவைத்தார். அந்தக் குறிப்புகளைத் தாண்டிப் போகாதே.

வேலைக்கான விண்ணப்பத்திலும் ஆய்வுக் கட்டுரையிலும் 'மனேஜ்', 'ஒப்பரேட்' என்று எழுதினால் ஒருவரும் குறை சொல்லார், அவை பாதுகாப்பானவை. ஆனால் நேர்முகத் தேர்வில் எதிரே இருப்பவர் முக்கால்வாசியும் சின்ன வினைகளில்தான் கதைப்பார். அவர் கேட்பது விளங்காவிட்டால் உன் பெரிய சொற்கள் பையிலேயே கிடக்கும்.

மறுகா ஒரு விசயம். உன் பந்தியின் கடைசி வரியில் 'ஹேஸ் ரான்' என்று இருக்கிறது. 'ஹேஸ்'ஸுக்குப் பின்னால் 'ரன்'தான் வரவேண்டும், 'ரான்' தனியே நிற்கும் இறந்தகாலம். இதை இங்கிலாந்தில் பிறந்தவர்களே பிழையாகச் சொல்வதுண்டு, வெட்கப்படத் தேவையில்லை. அதையும் சின்ன மாமாவின் பஸ்ஸையும் திருத்தி எழுதி அடுத்த கிழமை அனுப்பு. அதன்பிறகு 'கெட்'டைப் பார்ப்போம்.

அன்புடன்,
மாமா
கல்லடி