ஒரு செடி, நான்கு பெயர்கள்

உதகை, கொடைக்கானல் தோட்டங்களில் பாயின்செட்டியா என்னும் செடியை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். கிளை நுனியில் நட்சத்திரம்போல் விரிந்திருக்கும் அதன் சிவந்த இதழ்கள் உண்மையில் இதழ்கள் அல்ல. பூவடிச் செதில்கள் எனப்படும் இலைகளே. நடுவில் மஞ்சள் மணிகள்போல் இருப்பவையே பூக்கள். நம் ஊர்ச் சதுரக்கள்ளியும் இதே பேரினத்தைச் சேர்ந்தது. இரண்டையும் கிள்ளினால் பால் வடியும்.

இதன் தாயகம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும் ஆகும். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் ஆட்சியோடு அவர்கள் மொழியும் அங்கே பரவியது. அப்படியானால் ஸ்பானிய மொழி பேசும் நாடுகளிலெல்லாம் இச்செடிக்கு ஒரே பெயர்தான் இருக்கும் என்று எண்ணுவீர்கள் அல்லவா? அதுதான் இல்லை.

மெக்சிகோவில் இதன் பெயர் 'நோச்சேபுவேனா'. நேர்ப்பொருள் 'நல்ல இரவு'; டிசம்பர் 24ஆம் நாள் இரவைக் குறிக்கும் சொல் இது. ஸ்பெயினில் 'ஃப்ளோர் தெ பாஸ்குவா', அதாவது பாஸ்குவா மலர். பாஸ்குவா என்பது ஈஸ்டரையும் குறிக்கும். கிறிஸ்துமஸ் காலத்தையும் குறிக்கும். 1722இல் ஈஸ்டர் நாளன்று ஐரோப்பியர் கண்ட தீவை ஸ்பானியர் பாஸ்குவாத் தீவு என்கின்றனர். ஆனால் பாஸ்குவா மலரோ கிறிஸ்துமஸ் மலர்!

தென் அமெரிக்காவுக்குச் செல்வோம். அர்ஜென்டினாவில் இது 'எஸ்த்ரெயா ஃபெதரால்', அதாவது கூட்டாட்சி நட்சத்திரம். 19ஆம் நூற்றாண்டில் அந்நாட்டுக் கூட்டாட்சிக் கட்சியினரின் நிறம் சிவப்பு. சிலியில் இது 'கொரோனா தெல் இன்கா', அதாவது இன்கா மன்னரின் மணிமுடி. இவ்விரு பெயர்களிலும் கிறிஸ்துமஸ் இல்லை. இத்தனைக்கும் அங்கும் கிறிஸ்துமஸ் பெரும் பண்டிகைதான். பின் ஏன் இந்த வேறுபாடு?

இதற்கு விடை காண, இரவின் நீளத்தைக் கணக்கிட வேண்டும். சில செடிகள் பகல், இரவு ஆகியவற்றின் நீளத்துக்கேற்பப் பூக்கின்றன என்பதை 1920இல் கார்னர், அல்லார்டு என்னும் அமெரிக்க அறிஞர்கள் விளக்கினர். பாயின்செட்டியா நீண்ட இரவை நாடும் செடி. நாள்தோறும் சுமார் 12 மணி நேரமோ அதற்கு மேலோ தொடர்ந்து இருள் கிடைத்தால், சில வாரங்களில் அது மொட்டுவிட்டுச் சிவக்கிறது. இருளை அளக்க உதவுவது, இலைகளில் உள்ள பைட்டோகுரோம் என்னும் நிறமி.

மெக்சிகோ நகரம் வட அட்சம் 19 பாகையில் உள்ளது. அங்கு டிசம்பர் 21இல் இரவு சுமார் 13 மணி நேரம். ஆகவே கிறிஸ்துமஸுக்குச் செடி சிவந்து நிற்கும். அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸ் தென் அட்சம் 35 பாகையை ஒட்டியது. அங்கு டிசம்பர் கோடைக்காலம். இரவு சுமார் ஒன்பதரை மணி நேரமே. செடி பச்சையாகவே இருக்கும். ஜூன் 21இல்தான் இரவு சுமார் 14 மணி நேரமாக நீள்கிறது. அந்தக் குளிர்காலத்தில்தான் செடி சிவக்கிறது.

பூக்கும் காலம் பண்டிகையோடு பொருந்திய இடத்தில் பண்டிகையின் பெயர் நிலைத்தது. பொருந்தாத இடத்தில் வடிவமும் நிறமும் பெயர் தந்தன. இது ஒன்றே முழுக் காரணம் என்று கூறிவிட முடியாது. வரலாறும் வாணிபமும் பெயர்களை மாற்றுவதுண்டு. ஆயினும் இக்கருத்துக்கு இன்னொரு சான்று உள்ளது. ஸ்பெயினில் 'நவிதாத்' கள்ளி, அதாவது கிறிஸ்துமஸ் கள்ளி, எனப்படும் செடியின் தாயகம் பிரேசில். போர்ச்சுகீசிய மொழி பேசும் அந்நாட்டு மக்கள் அதை 'மே மலர்' என்கின்றனர். அதுவும் நீண்ட இரவில் பூப்பதே!

இடத்துக்கு இடம் பெயர் மாறினால் அறிவியலார் எவ்வாறு பேசிக்கொள்வது? அதற்காகவே யூபோர்பியா புல்செரிமா என்ற அறிவியல் பெயர் உள்ளது. 'மிக அழகிய யூபோர்பியா' என்பது பொருள். பிழையின்றி அடையாளம் காட்ட இப்பெயர் போதும். ஆனால் அச்செடி எந்த ஊரில் எப்போது சிவக்கும் என்பதை, மக்கள் வைத்த பெயர்தான் குறிப்பாகச் சொல்கிறது.

சிந்தித்து விடை காணுங்கள்: இரவு முழுதும் எரியும் தெரு விளக்கின் அருகே உள்ள பாயின்செட்டியா டிசம்பரிலும் பச்சையாகவே இருக்கிறது. ஏன்? அதைச் சிவக்கவைக்க நீங்கள் என்ன செய்வீர்கள்?