கிராமப் பட்டறைக்குப் பழைய கடைசல் யந்திரம்

பம்ப்செட்டும் டிராக்டரும் இல்லாத கிராமம் இன்று நம் மாநிலத்தில் அரிது. ஆயினும், அவற்றைச் செப்பனிடும் பட்டறை எல்லாக் கிராமங்களிலும் இல்லை. கதிர் பிடிக்கும் தறுவாயில் பம்பின் தண்டு தேய்ந்துவிட்டால், விவசாயி அதைக் கழற்றி நகரத்துக்கு எடுத்துச் செல்லவும், அங்கே தம் முறை வரும்வரை காத்திருக்கவும் நேரிடுகிறது. பயிரோ காத்திருப்பதில்லை.

பழுது நீக்கும் பட்டறைக்கு முதலில் வேண்டுவது கடைசல் யந்திரம். பட்டறையாளர் இதனை லேத்து என்பர். தண்டு கடைதல், புஷ் துளைத்தல், மரை வெட்டுதல் ஆகிய மூன்றும் இந்த ஒரே யந்திரத்தில் நடைபெறும். புதிய லேத்தின் விலை கைக்கு எட்டாதபோது பழையதை நாடுவது இயல்பே. கோயம்புத்தூர், ராஜ்கோட், பட்டாலா ஆகிய ஊர்களில் செய்யப்பட்டவையும், 1953-இல் பெங்களூரில் நிறுவப்பெற்ற எச்.எம்.டி. தொழிற்சாலையில் செய்யப்பட்டவையும் பழைய யந்திரச் சந்தைக்கு வருகின்றன. நன்கு பேணப்பட்ட லேத்து பல பத்தாண்டுகள் உழைக்கும். பேணப்படாத லேத்துக்கும் புது வர்ணம் பூசிவிடலாம். ஆதலின், வாங்குவோர் ஒரு விதியை மனத்திற் கொள்ள வேண்டும்: மாற்றக்கூடிய உறுப்பில் குறை இருப்பின் விலையைக் குறைத்துக் கேட்கலாம், படுகையிலும் சுழல்தண்டிலும் குறை இருப்பின் அந்த யந்திரத்தையே விட்டுவிட வேண்டும்.

அளவு

முதலில் நம் ஊரில் என்ன வேலை வரும் என்பதைக் கணக்கிடுவோம். 10 அங்குலக் கப்பியைக் கடைய வேண்டுமாயின், படுகைக்கும் சுழல் மையத்துக்கும் இடையேயுள்ள உயரம் 5 அங்குலத்துக்கு மேல் இருத்தல் வேண்டும். படுகைக்கு மேல் தடையின்றிச் சுழலும் பொருள், சாடிலின் மேல் இடித்துக்கொள்ளக் கூடும். அதனையும் அளந்து பார்க்க வேண்டும். நீண்ட தண்டுகளை உட்செலுத்துவதற்குச் சுழல்தண்டின் துளை எவ்வளவு என்பதும் முக்கியம்.

படுகை

லேத்தின் முதுகெலும்பு படுகையே. பெரும்பாலான வேலை சக்கின் அருகிலேயே நடப்பதால், தேய்மானமும் அவ்விடத்திலேயே மிகுதி. இதனை அறிய எளிய வழி உண்டு. சாடிலைச் சக்கின் அருகே கொணர்ந்து, அதன் திருகுகளைச் சற்றே இறுக்கி, ஆட்டமின்றி நகரும்படி செய்ய வேண்டும். பின்னர் மறுமுனை நோக்கி நகர்த்த வேண்டும். வழியில் சாடில் இறுகி நின்றுவிட்டால், சக்கின் பக்கம் படுகை தேய்ந்துள்ளது என்று பொருள். படுகையை மீண்டும் அரைத்துச் சீராக்க இயலும். ஆனால் அச்செலவையும் போக்குவரத்துச் செலவையும் கூட்டினால், மலிவாகத் தோன்றிய விலை மலிவாக இராது.

சுழல்தண்டு

சக்கைக் கழற்றிவிட்டு, சுழல்தண்டின் முகப்பில் டயல் கேஜை வைத்துக் கையால் மெல்லச் சுழற்றுக. முள் 0.01 மில்லிமீட்டருக்குள் அசைந்தால் நன்று, 0.05 மில்லிமீட்டர் அசைந்தால் ஐயுற வேண்டும். பின்பு ஒரு மரக்கட்டையைக் கொண்டு சுழல்தண்டை மேல்நோக்கி நெம்பி, ஆட்டம் உண்டா என்று பார்க்க வேண்டும். அடுத்து, அரை மணி நேரம் யந்திரத்தை ஓடவிட்டு, நிறுத்தியபின் பேரிங் உள்ள பகுதியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். கை வைக்க முடியாத சூடு நல்ல அறிகுறியன்று. சுற்றுக்கு ஒரு முறை தட்டும் ஒலி கேட்டால், பற்சக்கரத்தில் பல் உடைந்திருக்கலாம்.

கடைந்து பார்த்தல்

பேச்சைவிட ஒரு துண்டு இரும்பு உண்மையைக் கூறும். 40 அல்லது 50 மில்லிமீட்டர் கனமுள்ள உருளையைச் சக்கில் பிடித்து, 150 மில்லிமீட்டர் வெளியே நீட்டி, மறுமுனையில் தாங்கல் இன்றிக் கழற்றாமலே மெல்லிதாகக் கடைக. இரு முனைகளையும் மைக்ரோமீட்டரால் அளக்கவேண்டும். வேறுபாடு 0.02 மில்லிமீட்டருக்குள் இருப்பின் திருப்தி அடையலாம்.

இத்துணை நுட்பம் எதற்கு என்று விவசாயி கேட்கலாம். 6306 எண்ணுள்ள பேரிங்கின் துளை 30 மில்லிமீட்டர். அதனைத் தாங்கும் தண்டை வழக்கமான கே6 பொருத்தத்தில் கடைவதானால், பெரும அளவுக்கும் சிறும அளவுக்கும் இடையே 0.013 மில்லிமீட்டரே இடமுண்டு. இது தலைமயிரின் கனத்தினும் மிகக் குறைவு. தண்டு மெலிந்தால் பேரிங் அதன்மீது வழுக்கிச் சுழலும். பருத்தால் பேரிங் நெருக்குண்டு சூடேறும். எவ்வாறாயினும் பம்ப் மீண்டும் பட்டறைக்கே வரும்.

தரையில் சமமாக நிறுத்தப்படாத லேத்தின் படுகை முறுக்கிக்கொள்வதால், நல்ல யந்திரமும் சரிவாகக் கடையக் கூடும். ஆகவே, சோதனைக்கு முன் ஸ்பிரிட் லெவல் வைத்துப் பார்ப்பது நியாயமாகும்.

பொறுக்கத்தக்க குறைகள்

கைப்பிடியின் வெற்றாட்டம், தேய்ந்த பித்தளை நட்டு, பழைய பெல்ட், மோட்டார் ஆகியவற்றை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் மரை வெட்டும் மாற்றுப் பற்சக்கரங்கள் முழுமையாக உள்ளனவா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அங்குல அளவு லீட் ஸ்குரூ உள்ள லேத்தில் மில்லிமீட்டர் மரையைப் பிழையின்றி வெட்ட 127 பல் சக்கரம் தேவை. நான்கு தாடைச் சக்கும், நீண்ட தண்டைத் தாங்கும் ஸ்டெடியும் உடன் வருமாயின் நலம்.

பஞ்சாயத்தின் கடமை

யந்திரம் வாங்குவோர், விற்பவரோடு தொடர்பில்லாத அனுபவமுள்ள டர்னர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லவேண்டும். சோதனை முடியுமுன் முழுத்தொகையையும் செலுத்தலாகாது. விற்பனை ரசீது இன்றியும் வாங்கலாகாது. வங்கிக் கடனை நம்புவோர், பழைய யந்திரத்துக்கு அக்கடன் உண்டா என்பதை முன்னரே கேட்டறிய வேண்டும். பம்ப்செட்டுக்கென அளிக்கப்பட்ட இலவச விவசாய மின் இணைப்பிலிருந்து பட்டறைக்கு மின்சாரம் எடுத்தல் முறையன்று. தனி இணைப்புப் பெறுதல் வேண்டும். லேத்தருகே தொங்கும் துண்டும் தளர்ந்த வேட்டியும் உயிருக்கே ஆபத்து என்பதையும் வலியுறுத்துதல் கடமை.

ஐ.டி.ஐ.யில் டர்னர் தொழில் பயின்ற இளைஞர் நம் கிராமங்களில் உள்ளனர். ஊரில் வேலை இல்லாமையால் அவர்கள் நகரம் செல்கின்றனர். அத்தகையோர் ஒருவர் சொந்தப் பட்டறை வைக்க முன்வந்தால், அவருடைய முதலீடு பழுதான இரும்பில் முடங்காதவாறு காப்பது பஞ்சாயத்து உறுப்பினர்களால் இயலும். சோதனைக்கு ஒரு நாளும், உடன் செல்ல அனுபவமுள்ள ஒருவரும் கிடைக்கச் செய்தால் போதும். அதன் பயன் ஊரின் ஒவ்வொரு வயலையும் சேரும்.