சட்டையைக் கழற்றிப் பார்க்க வேண்டிய காய்ச்சல்



உத்திரமேரூர் பக்கத்துக் கிராமங்களில் மழைக்காலத்திலும் அதையடுத்த பனிக்காலத்திலும் வரும் காய்ச்சல்களில் பல, டெங்குவும் அல்ல, மலேரியாவும் அல்ல. அந்த இரண்டும் இல்லை என்று தெரிந்ததும், அடுத்து டைபாய்டுக்கான வைடால் பரிசோதனை. அதில் ஓர் எண் கூடியிருந்தால் டைபாய்டு என்று எழுதி ஊசி போடப்படும். பழைய தொற்றும் வேறு காய்ச்சலும்கூட அந்த எண்ணை உயர்த்தும். இப்படிப் பெயர் மாறிப் போகும் காய்ச்சல்களில் முக்கியமானது ஸ்க்ரப் டைபஸ், மக்கள் பேச்சில் உண்ணிக் காய்ச்சல்.

பெயரைக் கேட்டு மாட்டு உண்ணியைச் சந்தேகிக்க வேண்டாம். புதரிலும் வரப்புப் புல்லிலும் இருக்கும், கண்ணுக்குப் படாத ஒரு சிற்றுண்ணியின் இளம்புழுதான் கடிக்கிறது. எலிகளின் மேல் ஒட்டி வாழும் அது, வழியில் வரும் மனிதரையும் விடாது. கடித்த 6 முதல் 21 நாளுக்குள் காய்ச்சல் தொடங்கும். பலருக்குக் கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் கருத்த பொருக்கு உண்டாகும். வலியோ அரிப்போ பெரும்பாலும் இல்லாததால் நோயாளிக்கே தெரியாது. அக்குள், தொடையிடுக்கு, மார்பின் அடிப்பகுதி, பாவாடை நாடாவும் அரைஞாணும் இறுக்கும் இடுப்பு என்று மறைவான இடங்களில்தான் அது பெரும்பாலும் இருக்கும். பெண் நோயாளியை ஒரு செவிலியர் துணையுடன் திரைக்குள் முழுமையாகப் பார்ப்பது அவசியம். பொருக்கு இல்லை என்பதால் நோய் இல்லை என்றாகிவிடாது.

வேலூர் சி.எம்.சி.யும் லண்டன் ஆய்வாளர்களும் வட தமிழகத்தின் 37 கிராமங்களில் சுமார் 32 ஆயிரம் பேரை 2020 முதல் 2022 வரை தொடர்ந்து கவனித்தார்கள். ஆண்டுதோறும் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இந்தத் தொற்று ஏற்படுவது தெரிந்தது. பலருக்கு அறிகுறியே இல்லை.

கேஸ் ஷீட்டில் 'தொழில்: கூலி' என்று எழுதுவதால் எந்தத் துப்பும் கிடைக்காது. நாற்று நட்டாரா, புல் அறுத்தாரா, நூறு நாள் வேலையில் ஏரிக்கரைப் புதரை வெட்டினாரா, மாட்டுக்குப் பிரசவம் பார்த்தாரா என்று கேட்க வேண்டும். சேற்றில் வெறுங்காலுடன் நின்றவருக்குக் கெண்டைக்கால் வலியும், பீளையில்லாத கண்சிவப்பும், மஞ்சள் காமாலையும் சேர்ந்தால் எலிக்காய்ச்சல். காய்ச்சாத பால் குடித்தவருக்கோ, கன்று வீசிய மாட்டின் நஞ்சுக்கொடியை வெறுங்கையால் எடுத்தவருக்கோ வாரக்கணக்கில் காய்ச்சலும் இரவு வியர்வையும் முதுகுவலியும் இருந்தால் புருசெல்லோசிஸ். இதற்கு இரண்டு மருந்துகள் சேர்ந்த ஆறு வாரச் சிகிச்சை தேவை.

ஸ்க்ரப் டைபஸுக்கான ஐ.ஜி.எம். எலைசா பரிசோதனை முதல் வாரத்தில் நெகட்டிவ் காட்டலாம். எதிர்ப்பொருள் உருவாக நாளாகும். அதனால் சந்தேகம் வலுவாக இருந்தால் அந்த முடிவுக்காகக் காத்திருக்கக் கூடாது. ரத்தம் எடுத்து வைத்துவிட்டு டாக்ஸிசைக்ளின் தொடங்கலாம். பெரியவர்களுக்கு 100 மில்லிகிராம், நாளுக்கு இருமுறை, கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின். ஸ்க்ரப் டைபஸ் என்றால் பெரும்பாலும் 48 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கும். டைபாய்டுக்குப் போடும் செஃப்ட்ரியாக்சோன் இதில் பலிக்காது. ஊசி போட்டும் இறங்காத காய்ச்சல் என்பதே ஒரு தடயம்.

மூச்சுத்திணறல், குழப்பம், சிறுநீர் குறைதல் தெரிந்தால் நோயாளியை உடனே பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். தீவிர நிலையில் டாக்ஸிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சிரை வழியாகச் சேர்த்துக் கொடுப்பதே மேலானது என்பதை இந்திய மருத்துவமனைகளில் 794 நோயாளிகளிடம் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு காட்டியது.