எங்கிருந்து வந்தது? வாசகர் கேள்விகள்: வாசனை மெழுகுதிரி

கேள்வி: கனடாவிலிருந்து வந்த மைத்துனி, கண்ணாடிக் குவளைக்குள் வார்த்த வாசனை மெழுகுதிரி ஒன்றைத் தந்துவிட்டுப் போனார். சோயா மெழுகு என்று எழுதியிருக்கிறது. சோயாவை நாங்கள் கறிவைத்துத்தான் அறிவோம். அதிலிருந்து மெழுகு எப்படி வரும்? முதலில் யார் செய்தது?
– வாசகி, மயிலிட்டி

பதில்: சோயா அவரையில் மெழுகு கிடையாது, எண்ணெய்தான் இருக்கிறது. அந்த எண்ணெயோடு நிக்கல் தூளைச் சேர்த்துச் சூடாக்கி, அழுத்தத்தில் ஐதரசன் வாயுவைச் செலுத்தினால் எண்ணெய் கெட்டியாகிவிடும். இந்த முறைக்கு வில்ஹெல்ம் நோர்மன் என்ற ஜெர்மனிய இரசாயனவியலாளர் 1902இல் காப்புரிமை பெற்றார். அவர் காட்டிய வழியில்தான் பிற்காலத்தில் இந்தியாவில் டால்டாவும் பிறந்தது. சோயா மெழுகும் டால்டாவும் பெரியப்பா, சித்தப்பா மக்கள் என்றே வைத்துக்கொள்ளலாம்.

அதை மெழுகுதிரியாக வார்த்த பெருமை அமெரிக்காவின் அயோவா மாநிலத்தைச் சேர்ந்த மைக்கேல் ரிச்சர்ட்ஸ் என்பவருக்குத் தரப்படுகிறது. காலம் 1990களின் தொடக்கம். தேன்மெழுகு விலை கூடியது. பரஃபின் மெழுகோ பெற்றோலியத்திலிருந்து வருவது. இரண்டுக்கும் மாற்றுத் தேடியவருக்குத் தம் ஊர் வயல்களில் விளைந்த சோயாவே கைகொடுத்தது. ஆக, உங்கள் மைத்துனி தந்த பொருளின் வயது முப்பத்துச் சொச்ச ஆண்டுகள்தான்.

ஆனால் தாவர எண்ணெயிலிருந்து மெழுகுதிரி செய்யும் எண்ணம் அவ்வளவு புதிதல்ல. அந்தக் கதையில் இலங்கைக்குப் பெரிய இடம் இருக்கிறது. அதை நம்மவர்கள் பலர் அறியாமல் இருப்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில் ஏழைகள் எரித்தது மாட்டுக் கொழுப்பிலும் ஆட்டுக் கொழுப்பிலும் செய்த திரி. புகையும், நாறும், வெயிலில் வளையும். வசதியுள்ளவர்கள் தேன்மெழுகையோ, திமிங்கிலத்தின் தலையிலிருந்து எடுத்த மெழுகையோ எரித்தார்கள். கொழுப்பு என்பது கொழுப்பமிலங்களும் கிளிசரினும் கூடிய பொருள் என்பதைப் பிரான்சின் மிஷேல் செவ்ரல் ஆராய்ந்து 1823இல் நூலாக வெளியிட்டார். கிளிசரினைப் பிரித்துவிட்டுக் கெட்டியான அமிலத்தை மட்டும் எரித்தால் நாற்றமும் இல்லை, ஒளியும் கூடுதல். அதன்பின்னர்தான் எந்த நாட்டு எண்ணெயில் கெட்டிப் பகுதி அதிகம் என்ற தேடல் தொடங்கியது.

லண்டனில் வில்லியம் வில்சன் என்பவரும் பெஞ்சமின் லங்காஸ்ரர் என்ற கூட்டாளியும் 1830இல் ஒரு மெழுகுதிரி நிறுவனம் தொடங்கினார்கள். மெழுகுதிரி வார்ப்பது அந்நாளில் கௌரவமான தொழிலாகக் கருதப்படவில்லை. அதனால் ‘எட்வர்ட் பிரைஸ்’ என்ற கற்பனைப் பெயரைப் பலகையில் எழுதினார்கள். அவர்கள் வாங்கிய காப்புரிமை தேங்காயெண்ணெயைப் பற்றியது. எண்ணெயைக் குளிர்வித்து அழுத்திப் பிழிந்தால் நீர்ப் பகுதி வடிந்து கெட்டிப் பகுதி தங்கும். அதில் மெழுகுதிரி வார்க்கலாம். இதற்காக அந்த நிறுவனம் இலங்கையில் ஆயிரம் ஏக்கர் தென்னந்தோட்டம் வாங்கியது. 1840 பெப்ரவரியில் விக்டோரியா மகாராணியின் திருமணம் வந்தது. லண்டன் மக்கள் யன்னல்களில் ஏற்றி வைப்பதற்கென்று இந்தத் தேங்காய்க் கெட்டிப் பகுதியையும், கொழுப்பிலிருந்து பிரித்த ஸ்ரியரிக் அமிலத்தையும் கலந்து மலிவான திரி ஒன்றை விற்பனைக்கு விட்டார்கள். அடிக்கடி கருகலை நறுக்கத் தேவையில்லாத திரி அது. நன்றாக விற்றது.

சோயா மெழுகுதிரிக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே தேங்காய் மெழுகுதிரி உலகச் சந்தையில் இருந்தது. தேங்காய் நம் நாட்டினுடையது, உழைப்பு நம் நாட்டில் செய்தது, காப்புரிமையும் பெயரும் லண்டனுடையவை. இன்று வெளிநாடுகளில் ‘தேங்காய் மெழுகு’ என்று புதுமைபோல் விற்கிறார்கள். அது பழைய சரக்குத்தான்.

கேள்வி: மணத்தால் நோய் தீர்க்கும் ‘அரோமாதெரபி’ நம் சித்த மருத்துவத்திலிருந்து போனது என்கிறார்களே, உண்மையா? லவெண்டர் மெழுகுதிரி ஏற்றினால் நித்திரை வருமா?
– வாசகர், தெல்லிப்பழை

பதில்: அந்தப் பெயரும் அந்த முறையும் பிரான்சில் பிறந்தவை. ரெனே-மொரிஸ் கத்தபோசே என்பவர் லியோன் நகர வாசனைத் தொழிற்குடும்பத்து இரசாயனவியலாளர். 1910இல் அவருடைய ஆய்வுகூடத்தில் நடந்த வெடிப்பில் கைகள் வெந்து புண்ணாகி அழுகத் தொடங்கின. லவெண்டர் எண்ணெயால் கழுவியதும் அழுகல் நின்றதாக அவரே எழுதியிருக்கிறார். வெந்த கையைப் பக்கத்திலிருந்த லவெண்டர் தொட்டிக்குள் தற்செயலாக விட்டார், வலி பறந்தது என்று பலர் சொல்லும் கதை பின்னால் ஒட்டிக்கொண்ட அலங்காரம். 1937இல் அவர் வெளியிட்ட நூலின் தலைப்பே ‘அரோமாதெரபி’. கவனிக்க வேண்டியது என்னவென்றால், அவர் எண்ணெயைப் புண்ணில் பூசினார். மெழுகுதிரியில் வைத்து முகரவில்லை.

நெருப்போடு மணத்தைச் சேர்ப்பது என்று பார்த்தால் நாம் யாருக்கும் பிந்தியவர்கள் அல்லர். நெடுநல்வாடையில் வாடைக் காலத்துப் பெண்கள் அகிற்கட்டையோடு வெள்ளைச் சர்க்கரையைத் தணலில் இட்டுப் புகைக்கிறார்கள். குங்கிலியப் புகை இடுவதையே தொண்டாகச் செய்த ஒருவரை அறுபத்துமூன்று நாயன்மாருள் வைத்து வணங்குகிறோம். பிள்ளைக்கு முழுக வார்த்தபின் சாம்பிராணிப் புகை காட்டாத வீடு யாழ்ப்பாணத்தில் இருந்ததா? இந்த மரபைச் சொல்லப் பெருமைப்படலாம். அதற்காகப் பிரெஞ்சுக்காரரின் பெயரை அழித்து நம் பெயரை எழுதுவது நேர்மையல்ல.

நித்திரை பற்றி: லவெண்டரில் உள்ள லினலூல் என்ற பொருளை ஜப்பானின் ககோஷிமா பல்கலைக்கழகத்தார் எலிகளிடம் சோதித்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். அதை முகர்ந்த எலிகளின் பதற்றம் குறைந்தது. மோப்ப உணர்வு இழந்த எலிகளில் அந்த விளைவு இல்லை. அதாவது மணம் மூக்கின் வழியாகவே மூளையைத் தொடுகிறது. ஆனால் அது எலி, அளந்து கொடுத்த மணம். மனிதர்களிடம் செய்த ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. என் தீர்ப்பைக் கேட்டால், மனம் ஆறும், அறை இதமாகும், படுக்கைக்குப் போகும் நேரம் வந்துவிட்டது என்று உடலுக்குப் பழக்கமாகும். நோய் தீராது. நித்திரையின்மை வாரக்கணக்காக நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். மெழுகுதிரியை எரியவிட்டுவிட்டு மட்டும் உறங்காதீர்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் எல்லோரும் கடற்றொழில். வாசனை மெழுகுதிரி ஏற்றினால் மீன் வெடுக்குப் போகுமா?
– வாசகி, மயிலிட்டி

பதில்: போகாது, மறையும். இரண்டும் வேறு. செத்த மீனில் பக்ரீரியாக்கள் உண்டாக்கும் திரைமெதிலமைன் என்ற பொருள்தான் வெடுக்கின் முதற்காரணம். அது காரத்தன்மை உள்ளது. புளிப்பான ஒன்று பட்டால் உப்பாக மாறிக் காற்றில் எழும்பும் தன்மையை இழந்துவிடும். மீன் வெட்டிய கைக்கும் பலகைக்கும் நம் வீடுகளில் தேசிக்காயும் பழப்புளியும் தேய்ப்பது அதனால்தான். அதற்கு எந்த மெழுகுதிரியும் ஈடாகாது. முதலில் பலகையையும் நிலத்தையும் புளிப்பிட்டுக் கழுவுங்கள், யன்னலைத் திறந்து கடற்காற்றை விடுங்கள். அதன்பிறகு சமையலறையில் கறுவா மணமோ எலுமிச்சம்புல் மணமோ ஏற்றினால் நன்றாக இருக்கும். லவெண்டரும் ரோசாவும் மீனோடு கலந்தால் பழைய வெடுக்கே தேவலை என்றாகிவிடும்.

கேள்வி: வீட்டில் செய்து விற்கலாம் என்று நானும் தங்கையும் நினைக்கிறோம். எங்கள் வெயிலுக்குச் சோயா மெழுகு தாங்குமா? செய்முறை சொல்ல முடியுமா?
– வாசகி, வல்வெட்டித்துறை

பதில்: தாங்கும், ஆனால் குவளைக்குள் இருந்தால்தான். குவளைக்கென விற்கும் சோயா மெழுகு ஏறத்தாழ 46 முதல் 52 பாகை செல்சியசில் உருகும். நம் வெயில் அந்த அளவுக்குப் போகாது. என்றாலும் தகரக் கூரைக்குக் கீழோ கடை முகப்புக் கண்ணாடிக்குள்ளோ வைத்தால் மெழுகு இளகி, மேலே எண்ணெய் வியர்க்கும். தேங்காயெண்ணெய் 24 பாகையிலேயே உருகுவதால் தனியாக உதவாது. 62 பாகைக்கு மேல் உருகும் தேன்மெழுகைச் சோயாவோடு சிறிதளவு கலந்தால் உறுதி கூடும்.

செய்முறை கடினமல்ல. அளவுதான் முக்கியம். கரண்டிக் கணக்கு வேண்டாம், தராசும் வெப்பமானியும் வேண்டும். மெழுகுச் சட்டியை நேரே அடுப்பில் வைக்காமல் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குங்கள். 75, 80 பாகை வந்ததும் அடுப்பிலிருந்து இறக்கி, தள்ளி வைத்தே வாசனை எண்ணெயை ஊற்றுங்கள். 200 கிராம் மெழுகுக்கு 12 முதல் 16 கிராம் போதும். தோடை, எலுமிச்சை எண்ணெய்களின் ஆவி 50 பாகை அளவிலேயே பற்றக்கூடும், ஆகவே நெருப்புக்கு அருகில் அந்தப் போத்தலைத் திறக்கவே கூடாது. இரண்டு நிமிடம் மெதுவாகக் கலக்கி, 55 பாகை அளவுக்கு ஆறவிட்டு, பின்னிய பருத்தித் திரியை நடுவில் நிறுத்திய குவளைக்குள் ஊற்றுங்கள். அன்றே ஏற்றிப் பார்த்தால் மணம் இல்லையே என்று கவலைப்படுவீர்கள். சோயா மெழுகுக்கு ஒரு வாரம், முடிந்தால் இரண்டு வாரம் ஓய்வு கொடுங்கள்.

மணம் சுடரிலிருந்து வருவதில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சுடருக்குள் போகும் வாசனை எரிந்தே போகிறது. சுடரைச் சுற்றி உருகிக் குளம்போல் நிற்கும் மெழுகிலிருந்து ஆவியாவதுதான் மூக்குக்கு எட்டுகிறது. எனவே குவளையின் அகலத்துக்கு ஏற்ற தடிப்பில் திரி இருக்க வேண்டும். மெல்லிய திரி நடுவில் குழி தோண்டும், மணமே வராது. தடித்த திரி புகை கக்கும். முதல் தடவை ஏற்றும்போது உருகல் விளிம்பு வரை பரவும் மட்டும் எரியவிடுங்கள். ஒவ்வொரு முறையும் திரியை அரைச் சென்ரிமீற்றருக்கு நறுக்குங்கள், நான்கு மணித்தியாலத்துக்கு மேல் தொடர்ந்து எரிக்காதீர்கள். சோயாவில் கரியே வராது என்று விற்பவர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். நீண்ட திரியும் காற்றோட்டமும் இருந்தால் எந்த மெழுகும் கரி விடும்.

சிரட்டையில் வார்த்தால் பார்க்க அழகுதான். ஆனால் சிரட்டை எரியும் பொருள். விற்பனைக்குக் கண்ணாடியோ மண் குவளையோதான் பொருத்தம். மெழுகு தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூடியால் மூடுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள், கைக்குழந்தைகள், பூனைகள் இருக்கும் அறையில் ஏற்ற வேண்டாம். இந்த எச்சரிக்கையைச் சீட்டில் அச்சிட்டு ஒட்டுங்கள்; வாங்குபவருக்கு நீங்கள் செய்யும் மரியாதை அது.

லவெண்டரை இறக்குமதி செய்துதான் ஆக வேண்டும் என்றில்லை. கறுவா இலை எண்ணெய், சிட்ரனெல்லா, எலுமிச்சம்புல் எண்ணெய் எல்லாம் இலங்கையிலேயே வடிக்கப்படுகின்றன. வெட்டிவேர் மணத்துக்கு நம் வீடுகளில் பழக்கமும் மதிப்பும் உண்டு. அந்த மணத்தை முதலில் முயன்று பாருங்கள்.

கேள்வி: சிட்ரனெல்லா மெழுகுதிரி நுளம்பை விரட்டுமா?
– மாணவர், காங்கேசன்துறை

பதில்: மிகச் சிறிதளவு, அதுவும் சுடருக்குப் பக்கத்தில். டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது. முற்றத்துச் சிரட்டையையும் பழைய ரயரையும் கவிழ்த்து வைப்பதே பயன் தரும்.

கேள்வி: பழந்தமிழரிடம் மெழுகுதிரி இருந்ததா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், மயிலிட்டி

பதில்: மெழுகு இருந்தது, திரியாக எரித்ததற்குச் சான்று இல்லை. தேன்மெழுகைக் குங்கிலியத்தோடு சேர்த்து உருவம் பிடித்து, அதன்மேல் மண் பூசிச் சுட்டு, வெண்கலம் வார்த்தார்கள். சுவாமிமலையில் இன்றும் அப்படித்தான். விளக்குக்கு நம்மிடம் இலுப்பெண்ணெய், நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய் என்று வேண்டியமட்டும் இருந்தன. எண்ணெய் உறையாத நாட்டில் கெட்டித் திரிக்குத் தேவை எழவில்லை. மெழுகுதிரி நம் கரையோர ஊர்களில் நிலைத்தது கத்தோலிக்கத் தேவாலயங்களோடுதான். பெப்ரவரி 2ஆம் திகதி, இயேசு பாலனைக் கோவிலில் காணிக்கையாக ஒப்புக்கொடுத்த திருநாளில், மெழுகுதிரிகளை மந்திரிப்பது அவர்கள் வழக்கம். பீடத்துத் திரியில் தேன்மெழுகே பெரும்பங்கு இருக்க வேண்டும் என்பது திருச்சபையின் பழைய விதி.

உங்கள் ஊரைப் பற்றி எழுதும்போது இன்னொரு விளக்கைச் சொல்லாமல் விட முடியாது. 1990 ஜூனில் மயிலிட்டி மக்கள் இடம்பெயர்ந்தார்கள். துறைமுகப் பகுதி 2017 ஜூலை 3ஆம் திகதிதான் திரும்பக் கிடைத்தது. அந்த நீண்ட காலத்தின் முற்பகுதியில் குடாநாட்டில் மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் தங்கம்போல. ஜாம் போத்தலுக்குள் பஞ்சும், கொஞ்சம் மண்ணெண்ணெயும், கம்பியில் நிறுத்திய திரியும் வைத்து ஒரு தலைமுறை பரீட்சைக்குப் படித்தது. கண்ணாடிக்குள் காற்றுப் படாமல் சிறு சுடர், குறைந்த எரிபொருளில் நீண்ட நேரம்: இன்று விலைகொடுத்து வாங்கும் குவளை மெழுகுதிரியின் தத்துவமும் இதுவே. யார் முதலில் செய்தார் என்று பதிவில்லாத கண்டுபிடிப்பு அது. பதிவு செய்ய வேண்டியது நம் கடமை.

எனவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். அந்த ஆண்டுகளில் உங்கள் வீட்டிலோ முகாமிலோ எந்த எண்ணெயை, எப்படிப்பட்ட விளக்கில் எரித்தீர்கள், தேங்காயெண்ணெயிலோ தேன்மெழுகிலோ யாரும் திரி வார்த்தார்களா என்பதை ஊர், ஆண்டு குறித்து எழுதி அனுப்புங்கள். படமிருந்தால் பிரதி எடுத்து இணையுங்கள். வருபவற்றைத் தொகுத்து இப்பகுதியில் வெளியிடுகிறோம்.