ஊர் விட்டு ஊர் போகும் கட்டுரைகள்

(பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவியருக்காக, அவ்வகுப்பு மாணவி ஒருத்தி எழுதியது)

‘செய்தி வழங்கி’ என்ற சொல்லைக் கேட்டவுடன் வானொலி நிலையத்தையோ செய்தித்தாள் அலுவலகத்தையோ நினைப்பவர்களே மிகுதி. நாங்கள் எழுத எடுத்துக்கொண்ட பொருள் அதுவன்று. ஒரு கணிப்பொறியில் பலர் எழுதி வைத்த கட்டுரைகளை மற்றொரு கணிப்பொறிக்கு, ஒன்றும் விடுபடாமலும் ஒன்றும் இரட்டிக்காமலும் கொண்டு சேர்ப்பது எப்படி என்பதே எங்கள் பொருள். இதற்கு யூஸ்நெட் என்னும் பழைய ஏற்பாட்டில் அருமையான வழி உண்டு. பழைய ஏற்பாடு என்றதும் மறைக்கல்வி வகுப்பை நினைத்துவிட வேண்டாம், தோழியரே!

எங்கள் கணிப்பொறி அறையில் சில ஆண்டுகளுக்கு முன் மூத்த மாணவியர், பள்ளிக்குள் மட்டும் இயங்கும் செய்தி வழங்கி ஒன்றை அமைத்திருந்தனர். அதில் அறிவிப்பு, அறிவியல் ஐயம், ஊர்க் கதைகள் என மூன்று குழுக்கள். ஊர்க் கதைகள் குழுவே எங்களுக்கு விருப்பமானது. பழவேற்காட்டுப் பாட்டி ஒருவர் சொன்ன புயல் கதை அதில் இருக்கிறது. தொழிற்பேட்டை வருவதற்கு முன் கும்மிடிப்பூண்டி எப்படி இருந்தது என்று ஒரு தாத்தா சொன்னதும் இருக்கிறது. இலங்கைத் தமிழர் முகாமில் வாழும் ஓர் அக்கா, தம் தாயார் கடல் கடந்து வந்த நாளைப் பற்றி எழுதியதும் இருக்கிறது. இவ்வாண்டு அந்தப் பழைய கணிப்பொறியைக் கழித்துவிட முடிவாயிற்று. எழுதியவர்களில் பலர் பள்ளியை விட்டுச் சென்றுவிட்டனர். வேறு பிரதி எவரிடமும் இல்லை. எனவே கட்டுரைகளைப் புதிய கணிப்பொறிக்கு மாற்றும் பொறுப்பு எங்கள் வகுப்பைச் சேர்ந்தது.

யூஸ்நெட் பிறந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறோம். 1979-ஆம் ஆண்டு அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்களான டாம் டிரஸ்காட், ஜிம் எல்லிஸ் ஆகிய இருவரும் இதனைச் சிந்தித்தனர். அருகிலிருந்த வட கரோலினா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீவ் பெல்லோவின் அதற்கு முதல் நிரலை எழுதினார். 1980-இல் அது இயங்கத் தொடங்கியது. கணிப்பொறிகள் இக்காலம் போல் எந்நேரமும் இணைந்திருக்கவில்லை. ஒரு கணிப்பொறி மற்றொன்றைத் தொலைபேசியில் அழைத்து, சேர்ந்திருந்த கட்டுரைகளைக் கொடுத்து வாங்கிக்கொண்டு, இணைப்பைத் துண்டித்துவிடும். வாங்கியது தன் அண்டைக் கணிப்பொறிக்குக் கொடுக்கும். இப்படியே கை மாறி மாறிக் கட்டுரை உலகைச் சுற்றும். தலைமை நிலையம் என்று ஒன்று கிடையாது!

அப்படியானால் ஒரே கட்டுரை இரு அண்டை வீட்டார் வழியாகவும் வந்து சேராதா? வரும். அதைத் தடுக்கும் விதம் மிக எளியது. 1986-இல் பிரையன் கான்டர், பில் லாப்ஸ்லி ஆகியோர் வகுத்து வெளியிட்ட என்.என்.டி.பி. என்னும் விதிமுறையில் ‘ஐ ஹேவ்’ என்றொரு கட்டளை உண்டு. ‘என்னிடம் இருக்கிறது’ என்பது அதன் பொருள். நம் தெருவில் மீன்கார அம்மா கூடையை இறக்குமுன், “வஞ்சிரம் இருக்கும்மா, வேணுமா?” என்று கேட்பார் அல்லவா? அதுவேதான். ஒரு வழங்கி, “இந்த அடையாளமுள்ள கட்டுரை என்னிடம் இருக்கிறது” என்று சொல்லும். எதிரில் உள்ளது 335 என்று பதில் தந்தால் “கொடு” என்று பொருள். 435 என்றால் “வேண்டாம்”. வாங்கிக்கொண்ட பின் 235 என்றால் “நலமாக வந்து சேர்ந்தது”. 436 என்றால் “பிறகு வா”. 437 என்றால் “இதை ஏற்க மாட்டேன், மறுபடியும் கொண்டுவராதே”. கணிப்பொறிகள் இவ்வளவு மரியாதையாகப் பேசிக்கொள்ளும் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை.

இங்கே அடையாளம் என்பதையும் எண் என்பதையும் பிரித்து அறிய வேண்டும். இதில்தான் எங்கள் வகுப்பில் பலருக்குக் குழப்பம். ஒவ்வொரு வழங்கியும் தன்னிடம் வரும் கட்டுரைகளுக்கு 1, 2, 3 என்று தானே எண் இடுகிறது. அது நம் வகுப்பு வருகைப் பதிவேட்டு எண்ணைப் போன்றது. பள்ளி மாறினால் அதுவும் மாறிவிடும். ஆனால் எமிஸ் எண் மாறுவதில்லை. எந்தப் பள்ளிக்குப் போனாலும் கூடவே வரும். கட்டுரைக்கும் அப்படி ஓர் அடையாளம் அது எழுதப்படும்போதே இடப்படுகிறது. உலகில் வேறு எந்தக் கட்டுரைக்கும் அது இருக்கக் கூடாது. வழங்கிகள் “வேண்டுமா, வேண்டாமா” என்று பேசிக்கொள்வது இந்த அடையாளத்தை வைத்தே. இதனுடன், கட்டுரை கடந்து வந்த வழங்கிகளின் பெயர்கள் அதன் தலைப்பகுதியில், உறை மேல் விழும் அஞ்சல் முத்திரைகளைப் போல, வரிசையாகச் சேர்ந்துகொண்டே வரும். தன் பெயர் ஏற்கெனவே அங்கிருந்தால், கட்டுரை சுற்றித் திரும்பி வந்துவிட்டது என்று வழங்கி அறிந்துகொள்ளும்.

நம் நாட்டிற்கு இது எப்படி வந்தது? 1986-இல் மத்திய அரசின் மின்னணுவியல் துறை, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் எர்நெட் என்னும் கல்வி ஆராய்ச்சி வலையத்தைத் தொடங்கியது. பம்பாயில் இருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம், பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், ஐந்து ஐ.ஐ.டி.கள் ஆகியவை அதில் பங்கேற்றன. அவற்றுள் நம் சென்னை ஐ.ஐ.டி.யும் ஒன்று. முதலில் தொலைபேசி வழியாகவும், பின்னர் வினாடிக்கு 9,600 பிட் வேகமுள்ள தடங்கள் வழியாகவும் இணைப்பு இருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தோம். 9,600-ஐ 8-ஆல் வகுத்தால் வினாடிக்கு 1,200 பைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் 30 லட்சம் பைட் அளவுள்ள ஒரு புகைப்படம் அதில் போக 2,500 வினாடி, அதாவது 41 நிமிடத்திற்கும் மேல் ஆகும்! எழுத்து மட்டுமே கொண்ட கட்டுரைக்கோ ஓரிரு வினாடி போதும். பொதுமக்களுக்கு இணையம் கிடைத்தது 1995 ஆகஸ்டு 15 அன்று.

அந்த 1990-களில் வெளிநாட்டுத் தமிழர் பலர் கூடிப் பேசிய யூஸ்நெட் குழு ஒன்று இருந்தது. அதன் பெயர் சாக்.கல்ச்சர்.தமிழ். தமிழ் எழுத்துகளை அனுப்பப் பொதுவான முறை அப்போது பரவியிருக்கவில்லை. ஆகவே தமிழை ஆங்கில எழுத்துகளால் எழுதினர். சிறிய ‘எல்’ என்றால் லகரம், பெரிய ‘எல்’ என்றால் ளகரம் என்பது போன்ற உடன்பாடுகள் அவர்களுக்குள் இருந்தன. இன்று நாங்கள் யூனிகோடில் எழுதுகிறோம். அதன் யூடிஎஃப்-8 முறையில் ‘தமிழ்’ என்ற சொல் 15 பைட் இடம் பிடிக்கிறது. ஆங்கில எழுத்தில் எழுதினால் 5 பைட். மூன்று மடங்கு சுமை என்றாலும் எங்களுக்கு வருத்தமில்லை.

வழங்கிகள் எதையும் என்றென்றைக்கும் வைத்திருப்பதில்லை என்பதை வாசகர் மனத்தில் கொள்ள வேண்டும். வட்டில் இடம் நிறையாதிருக்கப் பழைய கட்டுரைகளை அவை தாமே அழித்துவிடும். யூஸ்நெட் பிறந்த டியூக் பல்கலைக்கழகமே தன் செய்தி வழங்கியை 2010 மே 20 அன்று நிறுத்திவிட்டது. கூகுள் நிறுவனம் 2024 பிப்ரவரி 22 முதல் புதிய யூஸ்நெட் கட்டுரைகளை வாங்குவதில்லை. பழையவற்றை மட்டும் காட்டுகிறது. அப்பழையவற்றிலும் 1981 முதல் 1991 வரை உள்ளவற்றில் பெரும்பகுதி, டொராண்டோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஹென்றி ஸ்பென்சர் 141 காந்த நாடாக்களில் பிரதி எடுத்து வைத்ததால் கிடைத்தவையே. பிரதி எடுக்க ஒருவர் இல்லாதிருந்தால், அந்த ஆண்டுகளின் பேச்சு காற்றோடு போயிருக்கும்.

இனி எங்கள் வேலைக்கு வருகிறோம். பழைய கணிப்பொறிக்குப் ‘பொன்னேரி’ என்றும் புதியதற்கு ‘எளாவூர்’ என்றும் பெயர் வைத்தோம். இரண்டும் நம் ரயில் பாதையில் உள்ள ஊர்களே. கோப்புகளை அப்படியே நகலெடுத்தால் என்ன என்று ஒரு தோழி கேட்டாள். நல்ல கேள்வி. இரு கணிப்பொறிகளிலும் ஐ.என்.என். என்னும் ஒரே மென்பொருள்தான். ஆனால் அவை கட்டுரைகளை வட்டில் சேமிக்கும் முறை வேறு வேறு. வழங்கியும் வழங்கியும் பேசிக்கொண்டால் அந்தத் தொல்லை இல்லை.

அந்தப் பேச்சை நடத்தி வைப்பது ‘புல்நியூஸ்’ என்னும் கருவி. அது ஐ.என்.என். மென்பொருளுடனேயே வருகிறது. அழகிய படங்களோ பொத்தான்களோ அதற்கு இல்லை. கட்டளை வரியில் அதன் பெயரையும், எங்கிருந்து, எங்கே என்பதையும் தட்டச்சு செய்தால் போதும். பொன்னேரியிடம் அது ஒரு வாசகியைப் போல் சென்று கட்டுரைகளை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்குகிறது. எளாவூரிடமோ ஓர் அண்டை வழங்கியைப் போல் சென்று “என்னிடம் இருக்கிறது” என்று நீட்டுகிறது. இரண்டு முகம்! தான் எதுவரை வாங்கினோம் என்பதை ஒரு சிறு கோப்பில் குறித்து வைக்கிறது. அக்கோப்பில் வழங்கியின் பெயர். அதன் கீழ்க் குழுவின் பெயர். பக்கத்தில் இரண்டு எண்கள். முதல் எண் கடைசியாகப் போன நேரம். அது 1970 ஜனவரி 1 முதல் கணக்கிட்ட வினாடிகளாக இருக்கும். இரண்டாவது, கடைசியாக வாங்கிய கட்டுரையின் எண். அடுத்த முறை அதற்கு அடுத்த எண்ணிலிருந்து தொடங்கும்.

எல்லாவற்றையும் ஒரேயடியாக அனுப்பாமல், அறிவிப்புக் குழுவிலிருந்து ஒரே ஒரு கட்டுரையைச் சோதித்துப் பாருங்கள் என்று எங்கள் கணிப்பொறி ஆசிரியை வற்புறுத்தினார். அது எவ்வளவு நல்லதாயிற்று! எளாவூர் 437 என்று மறுத்துவிட்டது. காரணம், ஐ.என்.என். இயல்பாகவே 10 நாளுக்கு மேற்பட்ட கட்டுரைகளைப் பழையவை என்று தள்ளிவிடும். அது வீம்பு அன்று. வந்து போன அடையாளங்களை அது சில நாள்களே நினைவில் வைத்திருக்கும். அதற்கும் முந்தியது வந்தால் புதியதா திரும்பி வந்ததா என்று அதனால் சொல்ல முடியாது. நாங்கள் அந்த வரம்பைச் சுழியாக்கினோம்; அப்படிச் செய்தால் வரம்பே இல்லை என்று பொருள். இதில் இன்னொரு நுட்பம் உண்டு. தான் மறுத்த கட்டுரையின் அடையாளத்தையும் ஐ.என்.என். நினைவில் வைக்கும். ஆகவே வரம்பை மாற்றிய பிறகும் அந்தக் கட்டுரைக்கு 435 என்றே பதில் வந்தது. 219 ஊர்க் கதைகளையும் முதலிலேயே அனுப்பியிருந்தால் அத்தனைக்கும் அதே கதிதான். சோதித்தது ஒரு பழைய விளையாட்டு விழா அறிவிப்பு. அதைச் சில நாள் கழித்து அனுப்பிக்கொண்டோம்.

பின்னர் எளாவூரில் அதே பெயருள்ள குழுக்களை உருவாக்கினோம். குழு இல்லாவிட்டால் அதற்கும் 437 தான். ஊர்க் கதைகள் குழுவைப் பற்றிப் பொன்னேரியைக் கேட்டபோது, மொத்தம் 219, முதல் எண் 1, கடைசி எண் 231 என்றது. நடுவில் 12 எண்கள் காலி; எழுதியவர்களே நீக்கியவை.

புல்நியூஸ் தன் குறிப்புக் கோப்பை இயல்பாக எல்லாம் முடிந்த பிறகே எழுதும். நம் பகுதியில் பிற்பகல் மின்சாரத்தை நம்பி உட்கார முடியுமா? 25 கட்டுரைக்கு ஒரு முறை எழுதி வை என்று கட்டளையில் சேர்த்தோம். எதிர்பார்த்தபடியே நடுவில் மின்சாரம் போயிற்று! மீண்டும் வந்தபோது குறிப்புக் கோப்பில் 129 என்றிருந்தது. எளாவூரிலோ 141 வரை வந்து சேர்ந்திருந்தது. நாங்கள் ஒன்றும் செய்யாமல் அதே கட்டளையை மறுபடி கொடுத்தோம். 130 முதல் 141 வரை ஓர் எண் காலி; மற்ற 11 கட்டுரைகளுக்கும் எளாவூர் “வேண்டாம், இருக்கிறது” என்றது. அதற்கு அப்பால் 335, 235, 335, 235 என்று தொடர்ந்தது. எங்களுக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது.

ஒரு சிறு ஐயம் மிச்சமிருந்தது. கட்டுரை முடிந்தது என்பதைக் காட்ட ஒரு வரியில் ஒரே ஒரு புள்ளி மட்டும் அனுப்புவது என்.என்.டி.பி. வழக்கம். பழவேற்காட்டுக் கதையை எழுதிய அக்கா, பத்திகளுக்கு நடுவே அழகுக்காகத் தனிப் புள்ளி வைத்திருந்தார். கதை அங்கேயே அறுந்துவிடுமோ என்று பயந்தோம். அறுக்கவில்லை. புள்ளியில் தொடங்கும் எந்த வரிக்கும் அனுப்புபவர் இன்னொரு புள்ளி சேர்ப்பார். பெறுபவர் அதை எடுத்துவிடுவார். புயலும் வந்தது, படகுகளும் கரை சேர்ந்தன.

முடிவில் எளாவூரைக் கேட்டோம். மொத்தம் 219, முதல் எண் 1, கடைசி எண் 219. எண்கள் புதியவை, அடையாளங்கள் பழையவையே. ஊர்க் கதைகள் குழுவுக்கு மட்டும் ‘ஒருபோதும் அழிக்காதே’ என்று அமைத்து, இன்னொரு வட்டிலும் பிரதி எடுத்து நூலகத்தில் கொடுத்திருக்கிறோம். முன்னாள் மாணவியர் எவரேனும் தாம் எழுதியதைப் படிக்க விரும்பினால், நூலகத்தில் கேட்டுப் பெறலாம். பொன்னேரியை மார்ச் மாதம் வரை அணைக்காமல் வைத்திருக்க ஆசிரியை அனுமதித்துள்ளார்.