புயல் கூண்டு சொல்வதும் சொல்லாததும்

அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான புயல் பருவத்தில், பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியதுமே ஒரு பேச்சும் கிளம்பிவிடுகிறது: நேற்று 8, இன்று 9, ஆகவே புயல் வலுத்துவிட்டது. செய்தித் தலைப்புகளும் இதையே எதிரொலிக்கின்றன. ஒவ்வோர் எண் ஏறும்போதும் வலுவும் ஏறும் என்ற இந்தக் கணக்கு எந்தத் துறைமுக விதியிலும் இல்லை.

கூண்டுகள் மொத்தம் 11. முதல் இரண்டும் தொலைகடலில் உருவான தாழ்வு மண்டலத்தையும் புயலையும் குறிப்பவை. 3, 4 உள்ளூர் எச்சரிக்கைகள். குழப்பம் தொடங்குவது அதற்கு மேல்தான். புயல் செல்லும் பாதைக்கு இடப்பக்கம் துறைமுகம் இருந்தால் 5, வலப்பக்கம் இருந்தால் 6, புயல் துறைமுகத்தின் மீதோ அருகிலோ கடந்தால் 7. தீவிரப் புயலுக்கும் இதே வரிசைதான்: 8, 9, 10. மேற்கு நோக்கி வரும் புயலில் 8 போய் 9 ஏறினால், துறைமுகத்துக்கு வடக்கே கடக்கும் என்ற கணிப்பு தெற்கே என்று மாறியிருக்கிறது, அவ்வளவே. எல்லாவற்றிலும் பெரிய 11, வானிலை மையத்துடன் தொடர்பு அறுந்ததற்கான அடையாளம்.

நாகப்பட்டினம் போன்ற நேர்கரையில் 8ஐவிட 9 மோசம் என்பது உண்மைதான். இங்கே புயற்காற்று இடஞ்சுழியாகச் சுழல்வதால், பாதையின் வலப்பக்கத்தில் அது கடலைக் கரைமேல் தள்ளும். பாம்பன் இருக்கும் ராமேசுவரம் தீவில், 8 என்றால் பரவாயில்லை என்ற ஆறுதலும் கிடையாது. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வடகாற்றானாலும் தென்காற்றானாலும் ஏதோ ஒரு கரைக்கு அது கடற்காற்று. 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் இந்தத் தீவின் தனுஷ்கோடியையும் பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலையும் வாரிக்கொண்டது பொங்கியேறிய கடல்நீர். நீர் எத்தனை அடி ஏறும் என்பதைச் சொல்ல எந்தக் கூண்டுக்கும் எண் இல்லை. கூண்டு கப்பல் மாலுமிக்கானது. ஊருக்குள் இருப்பவர் கேட்க வேண்டியவை கடல்நீர் உள்புகும் எச்சரிக்கையும் மாவட்ட மழை எச்சரிக்கையும்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. காற்று சட்டென ஓய்ந்தால் புயல் போய்விட்டது என்று வெளியே வருவது மடமை. கண்பகுதி கடந்ததும் எதிர்த்திசையிலிருந்து காற்று திரும்ப வீசும். கரை கடப்பது வேறெங்கோ என்றால் தப்பித்தோம் என்பதும் பொய்: 2023இல் மிக்ஜாம் புயல் கரை கடந்தது ஆந்திரத்தின் பாபட்லா அருகே, வெள்ளத்தில் மூழ்கியது சென்னை. புயலின் பெயரைக் கேட்டுப் பயப்படுவதிலும் பொருளில்லை. 13 நாடுகள் முன்கூட்டியே தந்த பட்டியலிலிருந்து வரிசைப்படி எடுப்பவை அவை.

கூண்டைப் பார்க்கவே முடியாதவர்களைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் உருவானபோது, கன்னியாகுமரி மாவட்டத்தின் விசைப்படகுகள் பல ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தன. துறைமுகக் கம்பத்தில் ஏற்றும் கூண்டு அங்குள்ள மீனவர்கள் கண்ணுக்கு எட்டாது. கரையோர வயர்லெஸ்ஸும் அவ்வளவு தூரம் போகாது. பல நாள் தங்கி மீன்பிடிக்கும் ஒவ்வொரு படகுக்கும் வேண்டியது, செயற்கைக்கோள் வழியே செய்தி பெறவும் பதில் அனுப்பவும் கூடிய கருவி.